எந்தத் தோள் என்று நான் கேட்கவில்லை

தங்கச்சிமாரே, நியமனக் கடிதத்தோடு புதிதாகத் தோட்டங்களுக்கு வரும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். பிரஷர் பார்ப்பது, எடை பார்ப்பது, கார்டு நிரப்புவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். நான் முப்பத்தொரு வருஷம் மருத்துவமாதுவாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் எழுதப்போவது என்னுடைய பொறாமையைப் பற்றி. அதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், சர்வீஸ் கூடக் கூடத் தானாகவே வந்துவிடும்.

பசறைக்கு மேலே வளைந்து வளைந்து ஏறும் பாதையில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டம்தான் என் பகுதி. நானும் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்தவள்தான். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதால் வெள்ளைச் சட்டை போட்டேன். அதனால் தோட்டத்துப் பெண்கள் என்னை ‘எங்க மிஸ்’ என்பார்கள். அந்த ‘எங்க’ என்ற சொல்லில் எனக்கு இருந்த ஆசையைச் சொல்லி முடியாது.

எங்கள் தோட்டங்களில் ஒரு பெண் உண்டாகியிருந்தால் மூன்று மாதம் முடியும்வரை வெளியில் மூச்சு விடமாட்டாள். கண் பட்டுவிடும் என்று ஒரு பயம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் விஷயம் தெரிந்தால் கொழுந்து மலையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று இன்னொரு பயம். மாமியாரிடம்கூடச் சொல்லாமல் மறைப்பார்கள். ஆனால் என்னிடம் மட்டும் சொல்வார்கள். கடைக்குப் போகிற மாதிரி என் குவார்ட்டர்ஸ் பக்கம் வந்து, வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டே, “மிஸ், நாள் தள்ளிப் போயிருக்கு” என்பார்கள். இந்த மலையில் எந்த வீட்டில் என்ன வளர்கிறது என்பது முதலில் தெரிவது எனக்குத்தான் என்று நான் தலைகால் புரியாமல் திரிந்த காலம் அது.

நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது பகுதியை இரண்டாகப் பிரித்தார்கள். மேல் டிவிஷன் எனக்கு, கீழ் டிவிஷன் புதிதாக வந்த ஒரு பிள்ளைக்கு. யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை, இருபத்தாறு வயது. அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. இப்போதும் அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வராது என்பதுதான் உண்மையான காரணம்.

வந்த இரண்டாம் மாதமே அவள் ஒரு வகுப்பு ஆரம்பித்தாள். தோட்டத்துச் சிறுபிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில், சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்த பிறகு, கர்ப்பிணிகளுக்கு உடற்பயிற்சி. அதுவும் முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்களையும் கூப்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மருத்துவமாதுகளின் மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

“மலை ஏறி எறங்குறவளுக்கு எக்ஸர்சைஸா? இது என்ன கொழும்பா தங்கச்சி?”

அவள் கோபப்படவில்லை. “அக்கா, இவையள் செய்யிறது வேலை. அது பயிற்சி இல்லை. முதுகில பாரம், குனிஞ்ச கழுத்து, வெயில். ஒதுங்க மறைவான இடமில்லையெண்டு நாள் முழுக்கத் தண்ணி குடிக்கிறேல்லை. அந்த உடம்பைக் கொஞ்சம் நிமித்தி விடுறதுக்குத்தான் நான் கேக்கிறன்” என்றாள்.

அவள் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் அந்தப் பெண்களோடு இருந்த எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்ற எரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை வேறு வேலையாகப் போவதுபோல் கீழே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தோளை மெதுவாகச் சுழற்றினார்கள். கையை மேலே தூக்கி இறக்கினார்கள். சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி விட்டார்கள். பிறகு மட்டமான பாதையில் நடை. நடக்கும்போது பக்கத்தில் வருபவளோடு பேச முடிய வேண்டும், பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்றாள். வெறும் வயிற்றில் வரக்கூடாது, தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும், மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் செய்யக்கூடாது, குதிக்கக்கூடாது. எங்காவது நோவு, இரத்தக் கறை, தலைச்சுற்று என்றால் அப்படியே நிறுத்திவிட்டுத் தன்னிடம் சொல்ல வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் ஆரம்பித்தாள். நல்ல வகுப்பு. குறை கண்டுபிடிக்கப் போன எனக்கு ஒன்றும் அகப்படாமல் திரும்பியது பெரிய ஏமாற்றம்.

அதற்குப் பிறகு என் டிவிஷன் பெண்களும் இறங்கிப் போக ஆரம்பித்தார்கள். தண்ணீர்ப் பைப்படியில் நின்று, “மூச்சை விடுங்கோ, மெல்லமா விடுங்கோ” என்று அவளைப்போலப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். கேலிதான், ஆனால் பிடித்தவர்களைத்தானே அப்படிக் கேலி செய்வோம். என்னைப்போல ஒருத்தியும் பேசிக் காட்டியதில்லை.

இதெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். மகேஸ் விஷயம்தான் பொறுக்கவில்லை.

மகேஸ் என் டிவிஷனில் கொழுந்து எடுக்கும் பெண். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவான். கல்யாணமாகி நான்கு வருஷம் பிள்ளையில்லை. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு தடவை நானே அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்ய வைத்தேன். மாமியார் வாயைத் திறந்தபோதெல்லாம் நான் போய் அடக்கினேன். அவளுக்குப் பிள்ளை தரித்தால் முதலில் என்னிடம்தான் ஓடி வருவாள் என்று நான் நினைத்திருந்ததில் என்ன தப்பு?

ஒரு நாள் அந்தக் கீழ் டிவிஷன் பிள்ளையிடமிருந்து போன். “அக்கா, உங்கட மகேஸ் டெஸ்ட் பண்ணிப்போட்டா. ரெண்டு கோடு. உங்களுக்குத்தான் முதல் சொல்லோணும் எண்டு நான் சொன்னனான், வருவா” என்றாள். அந்தப் பெருந்தன்மை என்னை இன்னும் எரித்தது. இவள் சொல்லித்தான் மகேஸ் என்னிடம் வரவேண்டுமா?

சாயங்காலம் மகேஸ் வந்தாள். நாத்தனாருக்குத் துணையாக வகுப்புக்குப் போய்ப் பழகியவள், அங்கேயே டெஸ்ட் செய்துவிட்டாள், அவ்வளவுதான். முகமெல்லாம் பல்லாக நின்றவளிடம் நான், “ஊருக்கெல்லாம் சொல்லிட்டுக் கடைசியா எங்கிட்டயா?” என்றேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கார்டு எழுதினேன். ஸ்கேனுக்கு அடுத்த கிழமைக்கு நாள் எடுத்தேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழாவது வாரம் நடந்துகொண்டிருந்தது, ஸ்கேனுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நான் லயங்களுக்குப் போய்த் திரும்பும் வழியில் மகேஸ் எதிரே வந்தாள், வேலைக்குப் போகவில்லை.

“மிஸ், நேத்துலேருந்து தோளு வலிக்குது. கொழுந்து எடுக்குற வலி மாதிரி இல்ல மிஸ்.”

தங்கச்சிமாரே, கொழுந்து எடுக்கும் பெண்ணுக்குத் தோள்வலி என்பது நமக்குச் சளி, தடிமன் மாதிரி. தினமும் பத்துப் பேர் சொல்வார்கள். தைலம் கொடுத்து அனுப்புவோம். ஆனால் இவள் அந்த வலி மாதிரி இல்லை என்று தன் வாயாலேயே சொன்னாள். அந்த வேலையைப் பத்து வருஷம் செய்தவளுக்கு அந்த வலி தெரியாதா? என் காது அதைக் கேட்டது. என் மனசு வேறொன்றைப் பிடித்துக்கொண்டது.

“சனிக்கெழம கிளாஸுக்குப் போனியா?”

“போனேன் மிஸ்.”

“கையத் தூக்குனியா?”

“தூக்குனேன். ஆனா மிஸ்...”

“அப்பறம் என்ன? உண்டான ரெண்டாவது மாசத்துல கையத் தூக்கு, காலத் தூக்குன்னா வலிக்காம என்ன செய்யும்?”

“இல்ல மிஸ், அது வந்து...”

“தைலம் தேய்ச்சிட்டுப் படு. இனிமே அந்தப் பக்கம் போகாத.”

அவள் எதையோ சொல்ல வந்தாள். நான் நடந்துவிட்டேன். பைப்படியில் நின்ற நாலைந்து பேரிடம், “பாத்தீங்களா? மகேஸுக்கு அந்தக் கிளாஸுக்குப் போய்த் தோளு புடிச்சிருச்சு. புள்ளைக்கு ஒன்னும் ஆகாம இருந்தாச் சரி” என்று பொடி வைத்துச் சொல்லிவிட்டு வந்தேன். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டேன். திட்டுவதற்குத்தான். “உன் எக்ஸர்சைஸ் எம்புள்ளைய படுக்க வச்சிருச்சு. தோள் வலின்னு துடிக்கிறா” என்றேன். மன்னிப்புக் கேட்பாள், அல்லது சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டையும் செய்யவில்லை.

“எந்தத் தோள் அக்கா?”

எனக்குத் தெரியவில்லை.

“தோள் மூட்டோ, இல்லாட்டி மேல நுனியோ? படுத்தாக் கூடுதோ?”

தெரியவில்லை.

“கறை ஏதும் பட்டதோ? அடிவயிறு ஒரு பக்கமா நோகுதோ? தலை சுத்தினதோ?”

எதையும் நான் கேட்கவில்லை. இந்தக் கேள்விகளைப் புதிதாக வரும் உங்களைப்போன்ற பிள்ளைகளுக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கரு கர்ப்பப்பைக்குள் தங்காமல் பக்கத்துக் குழாயில் தங்கிவிட்டால், குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசியும். அந்த இரத்தம் மேலே போய் உதரவிதானத்தில் உரசும்போது வலி தோள் நுனியில்தான் தெரியும். படுத்தால் கூடும். நான் அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

“அக்கா, இப்பவே போங்கோ. நான் சந்தியில நிக்கிறன்” என்றாள். போனை வைக்காமலேயே ஓடினேன்.

மகேஸ் கக்கூஸ் வாசலில் மயங்கி விழுந்திருந்தாள். மாமியார் தூக்கி உட்கார வைத்திருந்தாள். உதடு வெளுத்து, கை ஜில்லென்று இருந்தது. நாடி பரபரவென்று அடித்தது. கண்ணைத் திறந்து, “மிஸ், மூணு நாளா லேசாக் கறை. அதத்தான் நேத்துச் சொல்ல வந்தேன்” என்றாள்.

மாமியார் ஒரு கோப்பைத் தேயிலைச் சாயத்தண்ணியோடு வந்தாள். “ஒரு வாய் சூடாக் குடிக்கட்டும் மிஸ். தெம்பில்லாம கெடக்குறா.”

“ஒரு சொட்டுக்கூடக் குடுக்காதீங்க. ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும்.”

“வெறும் வயித்தோட அனுப்பச் சொல்றீங்களா? இதென்ன நாயம்?”

கோப்பையை அவள் கையிலிருந்து பிடுங்கித் திண்டில் வைத்தேன். பணிவாகப் பேசிக்கொண்டிருக்க அது நேரமில்லை.

ஆம்புலன்ஸுக்கு அடித்தால், பசறையிலிருந்து மேலே ஏறி வர முக்கால் மணி நேரம் என்றார்கள். காத்திருப்பதா, இறங்குவதா? உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். ஆடாமல் படுக்க வைத்திருப்பதுதான் நல்லது என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். அவளுக்கு உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருந்தது, நேரம்தான் முக்கியம். பக்கத்து லயத்து ஓட்டோவில் அவளைச் சாய்த்து, காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினோம். ஆம்புலன்ஸை ஏறி வரச் சொல்லிப் பாதி வழியில் மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. சந்தியில் அந்தப் பிள்ளையும் ஏறினாள். அதற்குள் அவள் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஏழு வாரம், தோள் நுனி வலி, மயக்கம், இரத்தம் தேவைப்படும் என்று எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தாள். பாதி வழியில் ஆம்புலன்ஸுக்கு மாறிப் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே தள்ளுவண்டியோடு நின்றார்கள்.

குழாயை எடுத்துவிட்டார்கள். பிள்ளை இல்லை. உயிர் தப்பியது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். சரியான நேரத்தில் கொண்டு வந்தீர்கள், இது யார் என்ன செய்ததாலும் வந்ததில்லை என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். அன்று சாயங்காலம் வார்டுக்குள் போனபோது மகேஸ் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தப்பு முழுக்க என்னுடையது என்று தெரிந்து நின்ற அந்த நேரத்திலும், அது ஏன் என் கையாக இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு தவறான கணிப்பு என்று எழுதியிருப்பேன். நோயாளி சொல்லும் வலிக்கு நீங்களே காரணம் சொல்லி முடிக்காதீர்கள், இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். ஆனால் அதைவிட மோசமானதை அதற்குப் பிறகுதான் செய்தேன்.

நான் பைப்படியில் சொல்லிவிட்டு வந்த வார்த்தை லயம் லயமாகப் போயிருந்தது. கிளாஸுக்குப் போய்க் கையைத் தூக்கினதால்தான் மகேஸுக்குப் பிள்ளை குழாயில் போய் வெடித்தது என்று எல்லாரும் நம்பினார்கள். மகேஸின் மாமியார் பெரட்டுக் களத்தில் நின்று அதைச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை பிள்ளைக்காம்பராவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை ஒருத்தியும் வரவில்லை.

உண்மையில் கையைத் தூக்குவதற்கும் கரு குழாயில் தங்குவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மகேஸ் அந்தச் சனிக்கிழமை கையைத் தூக்குவதற்கு முன்பே, டெஸ்டில் கோடு தெரிவதற்கு முன்பே, அது அங்கே தங்கியிருந்தது. அந்தப் பிள்ளை வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். தன் தலையைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்றார்கள். ஒரு நாள் என்னிடமே வந்தாள்.

“அக்கா, நீங்கள் ஒருக்காச் சொன்னாக் காணும். உங்கட சொல்லை இவையள் கேப்பினம்.”

“பாப்போம் தங்கச்சி” என்றேன்.

பார்க்கவில்லை. நான் பொய் சொல்லவில்லையே, சும்மாதானே இருக்கிறேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெண்கள் மறுபடியும் என் வாசலுக்கு வந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ‘எங்க மிஸ்’ திரும்பி வந்தது. எட்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு நாள் காலை பைப்படியில் மகேஸின் மாமியார் ஒரு சின்னப் பெண்ணிடம் பேசுவதைக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் மாதம், எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். “அந்தக் கிளாஸுப் பக்கம் தல வச்சிப் படுக்காத. எங்க வீட்டுப் புள்ளைய தின்னது அதுதான். எழுந்திரிக்காமப் படுத்துக் கெட” என்றாள். அதைக் கேட்டதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு அடி நடந்த பிறகுதான் நான் எதற்குச் சந்தோஷப்படுகிறேன் என்பது உறைத்தது. ஒரு கர்ப்பிணி தப்பான சொல்லைக் கேட்டுப் பயந்து போய் நிற்கிறாள். அதில் எனக்கு மகிழ்ச்சி. முப்பத்தொரு வருஷத்தில் என்னைப் பார்த்து எனக்கே பயம் வந்தது அன்றைக்குத்தான்.

அங்கேயே திரும்பினேன். பைப்படியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். “கிளாஸுனால ஒன்னும் ஆகல. டாக்டரு அன்னிக்கே சொல்லிட்டாரு. மகேஸு வலின்னு வந்து சொன்னப்ப நாந்தான் ஒழுங்காக் கேக்கல. தப்பு எம்மேல.” மாமியார் குடத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நேரே மகேஸின் லயத்துக்குப் போனேன்.

அவள் வாசலில் குந்தித் துணி அலசிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். கரு எப்படிக் குழாயில் தங்குகிறது, அதற்கும் அவள் செய்த எதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். அடுத்த முறை உண்டானால் நாள் தள்ளிய உடனே, மூன்று மாதம் மறைக்காமல், ஸ்கேனுக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். எல்லாம் நல்லபடி என்று டாக்டர் சொன்னால் நடக்கலாம், பயிற்சியும் செய்யலாம் என்றேன். ஒரு கிளினிக் பேச்சு மாதிரி மளமளவென்று சொல்லி முடித்தேன்.

அவள் கையிலிருந்த சேலையைப் பிழியாமல் அப்படியே வைத்திருந்தாள்.

“அப்ப நான் கையத் தூக்குனதால இல்லியா மிஸ்?”

“இல்லம்மா.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே தெரியும். ஆஸ்பத்திரியிலேயே.”

“அப்பறம் ஏன் மிஸ் சொல்லல?”

இதற்குப் பதில் தேடினேன். வேலை அதிகம், நீ மனசு தேறட்டும் என்று பார்த்தேன், சொல்ல வாய்க்கவில்லை. எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. “பொறாமை” என்றேன். “அவகிட்ட நீங்கல்லாம் போனது எனக்குப் பொறுக்கல.”

மகேஸ் என்னைத் திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். அவள் கையிலிருந்த சேலையை வாளிக்குள்ளேயே போட்டாள்.

“எம்புள்ளைய நாந்தான் கொன்னுட்டேன்னு எட்டு மாசமா நெனச்சிக்கிட்டு இருக்கேன் மிஸ். இந்தக் கையத் தூக்கி ஒரு துணி காயப் போடல. அத்தைதான் போடுறாங்க.”

பிறகு எழுந்தாள். நீர் சொட்டச் சொட்டச் சேலையை எடுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கொடியில் போட்டாள். அதை இழுத்துச் சரி செய்தாள். அடுத்ததை எடுத்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வாளி காலியாகும்வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.